குடிமக்கள் செட்

பாண்டியர் காலத்தில் ஏழைகளெல்லாம் கந்தலைத்தான் கட்டித் திரிந்தார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? கல்வெட்டா, ஓலையா? பள்ளிக்கூட மேடைதானே?

ராமநாதபுரத்தில் நாடக உடைகளை வாடகைக்கு விடும் சேதுலட்சுமியும் அதை நம்பித்தான் கடை நடத்தினாள். ராஜாவுக்குச் சிவப்பு வெல்வெட், ஜிகினா லேஸ். மற்றவர்களுக்குக் ‘குடிமக்கள் செட்’. புதுத் துணியை வாங்கி, தேயிலைச் சாயத்தில் முக்கி, பிளேடால் அங்கங்கே கிழித்து வைப்பாள். பள்ளிகள் அப்படித்தான் கேட்டன.

ஆண்டுவிழாவுக்கு முதல் நாள், பாம்பனிலிருந்து ஜோதிமேரி தன் மகள் கிறிஸ்டினாவோடு வந்தாள். மீன்பிடிக் குடும்பம். பாண்டியன் சபை நாடகத்தில் பிள்ளைக்கு முத்துக் குளிப்பவர் வேடம். உடையைப் போட்டுப் பார்த்த கிறிஸ்டினா தோளிலிருந்த ஓட்டைக்குள் விரலை விட்டாள்.

“இது எதுல மாட்டிக் கிழிஞ்சுச்சு பெரியம்மா?”

“மாட்டலத்தா. நான்தான் கிழிச்சேன்.”

“நல்ல துணியவா? ஏன்?”

“அந்தக் காலத்துல கடல்ல எறங்குனவுக அப்படித்தான இருந்திருப்பாக” என்று இழுத்தாள் சேதுலட்சுமி.

ஜோதிமேரி சிரித்துவிட்டாள். “நல்லாருக்கேக்கா கதை. விடிஞ்சா அடைஞ்சா வலையில பீத்தல் பாத்துப் பொத்துறவுக நாங்க. இடுப்புத் துணியில ஓட்டையப் போட்டுக்கிட்டா திரிவோம்?”

கிறிஸ்டினா சிரிக்கவில்லை. “இதப் போட்டா நான் மேடை ஏற மாட்டேன்.” கழற்றி, ஓட்டை வெளியே தெரியாமல் மடித்து வைத்தாள்.

அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்த சேதுலட்சுமி, தனக்கென்று எடுத்து வைத்திருந்த பரமக்குடி நீலத் துணியை விரித்தாள். “இங்கன வந்து நில்லுத்தா. அளவு எடுப்போம்.”

மறுநாள் மேடைக்குப் பின்னால் ஆசிரியர் வசந்தகுமார் பதறினார். “என்னம்மா இது? ராஜா யாரு, குடிமக யாருன்னு எப்படித் தெரியும்?”

“ராஜா தலையில கிரீடம் இருக்குல்ல சார்.”

“கன்னத்துலயாவது கொஞ்சம் கரியப் பூசுங்க.”

“துணியில ஒட்டிக்கிரும் சார். நாளைக்கு வேற பள்ளிக்கூடம் போகணும்ல.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார். சேதுலட்சுமி குனிந்து, பிள்ளையின் இடுப்பு முடிச்சை இறுக்கி, முதுகைத் தடவிவிட்டாள். கிறிஸ்டினா நிமிர்ந்து நடந்தாள். “மன்னா, முத்து கொண்டுவந்திருக்கிறேன்” என்ற ஒரே வசனத்தைக் கூனாமல் குறுகாமல் சொன்னாள்.

முத்துக் குளித்தவர்கள் அன்று சரியாக எதை உடுத்தினார்கள் என்பது சேதுலட்சுமிக்குத் தெரியாது. நம்மில் பலருக்கும் தெரியாது. ஆனால், தெரியாத இடத்தையெல்லாம் ஏழையின் உடம்பில் கந்தலாலும் கரியாலும் நிரப்புகிறோமே, அதற்கு வரலாறு என்று பெயரில்லை. இளக்காரம் என்று பெயர்.

அடுத்த ஆண்டுவிழாவுக்கு வேடம் பிரிக்கும்போது நேரில் போய், எல்லாப் பிள்ளைகளுக்கும் கிழியாத துணி கேளுங்கள். உங்கள் பிள்ளை ராஜாவாக இருந்தாலும் போய்க் கேளுங்கள்.