சக்கரைக்கு ஒரு முட்டை

2006-ஆம் வருடம். டெக்சஸில் ரவுண்ட் ராக் ஊருக்கு நாங்கள் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கணவர் காலையில் ஆபீஸ் போனால் பொழுது சாயும்போதுதான் வருவார். எனக்கு எச்-4 விசா, வேலைக்குப் போக முடியாது. காரும் ஓட்டத் தெரியாது. பகல் முழுக்க நானும் நாலு சுவரும்தான்.

அப்போதுதான் பக்கத்து அபார்ட்மென்ட் அமெரிக்கப் பெண்மணி கலிஃபோர்னியாவுக்குக் குடிபோகக் கிளம்பினார். அவர் வளர்த்த சுகர் கிளைடர் என்ற குட்டிப் பிராணியை அந்த மாநிலத்தில் வைத்துக்கொள்ள அனுமதி கிடையாதாம். எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். உள்ளங்கையில் அடங்குகிற சாம்பல் நிற ஜீவன், முகத்தில் பாதி கண். கைக்கும் காலுக்கும் நடுவே இருக்கும் தோலை விரித்துக் காற்றில் மிதக்குமாம். நான் யோசிக்கவே இல்லை. ‘சக்கரை’ என்று பெயரும் வைத்துவிட்டேன்.

அவர் கூடவே கொடுத்த, என் உயரத்துக்கு இருந்த கம்பிக்கூட்டை ஜன்னலோரம் நிறுத்தி, உள்ளே கிளைகளைக் கட்டி, தூங்குவதற்குத் துணிப்பை ஒன்று தைத்துத் தொங்கவிட்டேன். இன்னொரு சின்னப் பை என் கழுத்துக்கு. பகலெல்லாம் சக்கரை அதற்குள் சுருண்டு என் நெஞ்சோடு ஒட்டித் தூங்கும். நான் காய் நறுக்குவேன், துணி மடிப்பேன், வெயில் கார்ப்பெட்டில் மெல்ல நகர்வதைப் பார்த்தபடி நிற்பேன். நான் விழித்திருக்கிறேனா, அதன் தூக்கத்துக்குள் இருக்கிறேனா என்றே சில மதியங்களில் தெரியாது. அப்படி ஒரு சுகம்!

அந்தப் பெண்மணி சாப்பாட்டுப் பட்டியலும் கொடுத்திருந்தார். பழம், தேன், வேகவைத்த முட்டை, புழு. புழுவா! சிவசிவா! முட்டை போட்ட கேக்கே நுழையாத வீடு எங்களுடையது. பேனாவை எடுத்து அந்த இரண்டையும் அடித்துவிட்டேன். ஆப்பிள், திராட்சை, பருப்புச் சாதம் என்று ஊட்டினேன். “நம்ம வீட்டுக் குழந்தை, நம்ம சாப்பாடுதான் சாப்பிடும்” என்று ஃபோனில் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் ஒரு சாயங்காலம் சக்கரை பையிலிருந்து இறங்கியது. முன்னங்கால்கள் நடந்தன, பின்னங்கால்கள் துணி மாதிரி இழுபட்டு வந்தன. எனக்கு உயிரே போய்விட்டது.

மறுநாள் கணவர் லீவு போட்டுவிட்டு எங்களை விலங்கு மருத்துவரிடம் கூட்டிப்போனார். என்ன கொடுக்கிறீர்கள் என்று அந்த டாக்டர் அம்மா கேட்டதும் வரிசையாகச் சொன்னேன். சைவமாகத்தான் வளர்க்கிறோம் என்று கொஞ்சம் பெருமையாகவே சேர்த்தேன். அவர் கோபப்படவில்லை. “சைவம் நீங்கள். இது இல்லையே” என்றார். கால்சியமும் புரதமும் போதாமல் எலும்பு பலவீனமாகிவிட்டதாம். உடனே சாப்பாட்டை மாற்றினால் பிழைக்க வாய்ப்பு உண்டு, நடக்குமா என்பது போகப்போகத்தான் தெரியும் என்று சொல்லி மருந்து கொடுத்தார்.

வழியிலேயே முட்டை வாங்கினோம். “நீ ஹால்ல உக்காரு, நான் வேக வைக்கிறேன்” என்றார் கணவர்.

“பட்டினி போட்டது நான். தள்ளுங்க, நானே பண்றேன்.”

எவ்வளவு நேரம் வேகவேண்டும் என்றுகூடத் தெரியாது. துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஓடு வெடிக்கும்வரை கொதிக்கவிட்டேன். ஒரு துணுக்கை விரல்நுனியில் நீட்டினேன். சக்கரை என் விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தின்றது. அப்படி ஆவலாக அது சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அடுத்த வாரம் புழு டப்பாவும் ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் குடியேறியது.

விழுந்துவிடாமல் இருக்கத் தாழ்வான கூட்டில் மெத்தென்று துணி விரித்து வைத்திருந்தேன். வாரங்கள் போயின. முதலில் ஒரு கால் ஊன்றியது, பிறகு இன்னொன்று. இரண்டு மாதம் கழித்து, மஞ்சள் வெயில் அறைக்குள் சாய்ந்திருந்த ஒரு மாலையில், திரைச்சீலை மேல் ஏறி உட்கார்ந்து என்னையே பார்த்தது. நான் மூச்சுவிடவில்லை. தோலை விரித்து, அந்த வெளிச்சத்தில் மிதந்து, சத்தமே இல்லாமல் என் தோளில் வந்து இறங்கியது.

இன்றைக்கும் யாருக்காவது ஆசையாகப் பரிமாறும்போது, அவர்களுக்கு வேண்டியதைப் போடுகிறேனா, எனக்குப் பிடித்ததைப் போடுகிறேனா என்று என் கை ஒரு கணம் தயங்கத்தான் செய்கிறது.