கட்டார்ச் சவர்க்காரம்

எங்கள் அம்மா குருக்கள்மடத்தில் பிறந்து, களுவாஞ்சிக்குடியில் வாழ்க்கைப்பட்டவர். பொய் சொல்லத் தெரியாதவர். வாழ்நாளில் ஒரேயொரு பெரிய பொய் சொன்னார்; அதையும் ஆறு மாதத்துக்கு மேல் காப்பாற்ற முடியவில்லை. அம்மாவின் இந்த முதலாண்டு நினைவு மலரில் அந்தக் கதையைத்தான் எழுதச் சொல்கிறார் அப்பா. "ஒளிச்சு எழுதினா அம்மா கோவிப்பா மகள்" என்கிறார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வாவிக்கு அக்கரையில் எங்கள் வயல் வட்டையில் தண்ணீர் திருப்பும்போது வந்த சண்டையில், அப்பா பக்கத்து வயற்காரரை மண்வெட்டிப் பிடியால் அடித்துக் கையை முறித்துவிட்டார். இரண்டு வருடச் சிறை; எங்கள் பேச்சில் மறியல். இக்கரையில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், யாருக்கும் விசயம் தெரியாது. "அவர் கட்டாருக்குப் போயிட்டார்" என்று அம்மா சொல்லிவிட்டார். வீட்டுக்கொருவர் வெளிநாட்டில் இருந்த காலம், எல்லோரும் நம்பினார்கள்.

வினை அங்கேதான் தொடங்கியது. முன்வீட்டு மாமி மருமகனுக்கு விசா எடுக்கச் சொல்லிப் பாஸ்போட் கொப்பியைக் கொண்டுவந்து தந்தார். "கட்டார்ச் சாமான் பெட்டி எப்பகா வரும்?" என்று வாரம் தவறாமல் கேட்டார். தொல்லை தாங்காமல் அம்மா சந்தைக் கடையில் குளிக்கிற வாசனைச் சவர்க்காரம் வாங்கி, விலையைச் சுரண்டிவிட்டு, "கட்டாரில இருந்து வந்த" என்று கொடுத்தார். உறையில் சிங்கள எழுத்து இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

நானும் என் பங்குக்குப் பள்ளிக்கூடத்தில் 'என் தந்தை' என்று கட்டுரை எழுதினேன். அப்பா தினமும் ஒட்டகத்தில் வேலைக்குப் போவதாக எழுதியதில் டீச்சருக்கு ஒரே புளுகம், அவ்வளவு சந்தோசம். பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கத் தெரிவு செய்துவிட்டார். வீட்டில் வாசித்துக் காட்டியபோது அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது கண்டுவிடுவார்கள் என்ற பயத்தில் அந்த ஆறு மாதமும் என்னை அப்பாவிடம் கூட்டிப்போகவே இல்லை. எனக்கும் ஒட்டகத்தில் போகும் அப்பாவே போதும் என்று ஆகிக்கொண்டிருந்தது.

மறுநாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் மாமி வீட்டுக்குப் போனார்.

"அவர் மறியலில இரிக்கார் மாமி. பிழை செஞ்சார், அனுபவிக்கிறார். இந்தப் புள்ள ஒரு பிழையும் செய்யல்ல."

மாமி அசையவேயில்லை. "சிங்களத்தில எழுதின கட்டார்ச் சவக்காரத்தக் கண்டப்பவே தெரியும்கா. நீயாச் சொல்லட்டும் எண்டுதான் இருந்தன்."

அதே மூச்சில் அம்மா டீச்சரிடமும் போய்ச் சொன்னார். நான் வெட்கத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. மூன்றாம் நாள் மாமியே வந்து கூட்டிப்போனார்.

அந்த வாரமே அப்பாவைப் பார்க்கப் போனோம். கொண்டுபோன சாப்பாட்டை வாசலில் காவலர் முன்னால் ருசி பார்த்துக் காட்ட வேண்டும். அந்த வேலையை அம்மா என்னிடம் விட்டார். நான் பயத்தில் மீன் பொரியலில் பாதியைத் தின்றுவிட்டேன். மிச்சத்தைப் பார்த்து அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

விசயம் பரவியதும் ஒரு பெண் எங்கள் வாசலில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அக்கா, என்ட மனுசனும் உங்கட மனுசன்ட கட்டாரிலதான்."

அடுத்த முறை அவருடைய பிள்ளைகளும் எங்களோடு பஸ் ஏறினார்கள். பிறகு செங்கலடியிலிருந்துகூட வந்தார்கள். அம்மா பிள்ளைகளுக்குத் தலைவாரிவிடுவார், தகப்பனுக்குக் காட்டப் பள்ளிக் கொப்பிகளை எடுத்துவரச் சொல்வார், அழுத தாய்மாரை ஏசுவார், ஏசிவிட்டுச் சோறு போடுவார். அப்பா வீடு வந்த பிறகும் அது நிற்கவில்லை. அப்பா தேத்தண்ணிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். நீரிழிவு காலைப் பிடித்த பிறகும் அம்மா ஆட்டோவில் போனார். கண்மூடுவதற்கு முந்திய வாரம்வரை யாருடைய பிள்ளைக்கோ பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டுப் போனில் சண்டை பிடித்தார்.

அம்மாவின் இறுதி நாட்களில் மாறி மாறி இருந்து பார்த்த பெண்களுக்கும், பந்தல் போட்டு, சமைத்து, பாடை சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர்களைப் போடவில்லை. தங்கள் கதையைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவர்கள் விருப்பம்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தோராம் நாள் சடங்கன்று, அம்மா கடைசியாக மறியலுக்குக் கூட்டிப்போன பிள்ளைகளில் ஒருத்தி, ஆறு வயதுச் சிறுமி, பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீங்களும் மறியலில இருந்தீங்களாம், மெய்தானா?"

அப்பா தன் இலையிலிருந்த வடையை அவள் இலையில் வைத்தார்.

"ஓம் மகள், இருந்தனான். இப்ப வீட்டதான் இரிக்கன், பாரு."

அவள் அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வடையில் பாதியைப் பிட்டுத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"இது எங்கட அப்பாக்கு" என்றாள்.