பீங்கானில் ஒரு வலது கை

எனக்குப் பொம்மை என்றால் பிடிக்காது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் சங்ககிரியிலிருந்து லாரி ஓட்டினார். அவரிடம் லாரி பிடிக்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை. முதுகு தேய்ந்துபோய் இறங்கிய நாளில் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்து கட்டிலில் படுத்தார். எனக்கு இறங்குகிற நாள் எப்போது என்று தெரியவில்லை.

பீங்கான் என்னிடம் கலையாக வந்து சேரவில்லை, பிழைப்பாக வந்தது. கல்யாணத்துக்கு முன்பு மேட்டூர்ப் பக்கம் ஓர் இன்சுலேட்டர் கம்பெனியில் வேலை பார்த்தேன். கரண்ட் கம்பத்தில் பழுப்பு நிறத்தில் தட்டுத் தட்டாக மாட்டியிருக்குமே, அதுதான் நான் முதலில் செய்த பொம்மை. அதற்குக் கண் கிடையாது, மூக்கு கிடையாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ‘எங்க பாப்பா மாதிரியே இல்லையே’ என்று யாரும் குறை சொன்னதில்லை. நிம்மதியான காலம். சங்ககிரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, சின்னதாக ஒரு கரண்ட் சூளை வைத்துக்கொண்டு பொம்மை செய்ய ஆரம்பித்தேன். இருபது வருஷமாகிவிட்டது. கண்காட்சிக்காரர்கள் பேனரில் என்னைக் கலைஞர் என்று போடுகிறார்கள். ரேஷன் கடையில் நான் பொம்மைக்காரி.

வேலை எப்படி என்றால், நைசாக அரைத்த வெள்ளை மண்ணைத் தண்ணீரில் கரைத்து மாவாக்கி அச்சில் ஊற்ற வேண்டும். அச்சு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், மண் ஓரத்தில் ஓடாகப் படியும். அதை எடுத்துக் காயவைத்து, தேய்த்து, சூளையில் சுட வேண்டும். சுட்டால் சுருங்கும். எந்தப் பொம்மையானாலும் வேண்டிய அளவைவிடப் பெரிதாகச் செய்தால்தான் கடைசியில் வேண்டிய அளவுக்கு வரும். தலையும் கைகளும்தான் பீங்கான், தனித்தனியாகச் சுட்டு, கடைசியில் துணி உடம்பில் கோக்க வேண்டும். பிறகு முகத்துக்குச் சாயம் தீட்டி மறுபடி சூளை. கன்னத்துக்கு ஒரு தரம், புருவத்துக்கு ஒரு தரம், உதட்டுக்கு ஒரு தரம். ஒவ்வொரு தரமும் கையை வைத்தால் சுடாத அளவுக்குச் சூளை தானாக ஆற வேண்டும். அதுவரைக்கும் மூடியைத் தொடக்கூடாது. உள்ளே சூடாக இருக்கும் பீங்கான்மேல் வெளிக்காற்று பட்டால் விரிசல் விட்டுவிடும். கம்பெனியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் இது. நான் மறந்ததே இல்லை. ஒரே ஒரு முறை தவிர.

போன வைகாசியில் ஓர் அம்மாள் வந்தார். மல்லசமுத்திரம் பக்கம் தோட்டம், கோழிப்பண்ணை எல்லாம் உள்ள வீடு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மகன் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, காரைவிட்டு இறங்காமல் போன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் உட்காரக்கூட இல்லை. பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து என் கையில் வைத்தார். ஆறு வயதுப் பெண் ஒருத்தி, பாவாடை சட்டையில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய வலது கை, பக்கத்தில் நிற்கிற சின்னப் பையனின் விரலைப் பிடித்திருக்கிறது.

அந்தப் பெண் காய்ச்சலில் போய்விட்டாளாம், அதே வருஷம். சின்னப் பையன்தான் காரில் உட்கார்ந்திருந்தவன். அவனுக்கு ஆவணியில் கல்யாணம்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளை அவனோடு நிறுத்தி, இரண்டு பேரையும் ஒரே சேலையால் இணைத்துச் செய்கிற சீர். அவளுக்குத்தான் அன்றைக்கு முதல் மரியாதை. கூடப் பிறந்தவள் இல்லாவிட்டால் பெரியப்பா, சித்தப்பா வீட்டுப் பெண் ஒருத்தி அந்த இடத்தில் நிற்பாள். குறை ஒன்றும் இல்லை, ஊரும் ஏதும் சொல்லாது. அந்த அம்மாளுக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

“பெரியவரூட்டுப் புள்ள நிக்குதுங்க. நிக்கட்டும், நல்ல புள்ளதான்” என்றார். “எம்புள்ளையும் அந்த மண்டபத்துல ஒரு ஓரமா இருக்கோணும். நான் மடியில வெச்சுக்குவேன். வேற ஒண்ணும் வேண்டாமுங்க அம்மிணி.”

போனவர்களின் முகத்தை நான் செய்வதில்லை. அதில் படாதபாடு பட்டிருக்கிறேன். எப்படிச் செய்தாலும் அது அந்த முகமாக இருக்காது. இருந்துவிட்டாலோ அதைவிட மோசம். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த அம்மாள் போட்டோவில் கையைத் தொட்டுக் காட்டி, முகம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, இந்தக் கை மட்டும் இப்படியே பிடித்த மாதிரி இருக்க வேண்டும் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அலுப்பில் இருக்கும்போது மறுத்துப் பேசக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறது.

முகம் எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற குழந்தையின் கண்ணைத் திறந்து வைப்பது எப்படி? அந்த அம்மாளின் கண்ணை நினைவில் வைத்துக்கொண்டு திறந்தேன். கை சுலபமாக வந்தது. ஈர மண்ணில் என் சுண்டுவிரலை வைத்து, அதைச் சுற்றி அந்த நாலு விரல்களையும் மடக்கினேன். விரலை உருவியபோது உள்ளே ஓர் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை அந்தக் கொட்டகையில் என்னை என்னவோ செய்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

கன்னமும் புருவமும் முடிந்து உதடு மட்டும் பாக்கி இருந்தபோது அந்தப் பையன் வந்தான். இந்த முறை தனியாக, பைக்கில். தண்ணீர் வாங்கிக் குடித்தான். ஏழெட்டு நிமிஷம் கோழித் தீவனத்தைப் பற்றிப் பேசினான். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் விஷயத்துக்கு வந்தான்.

“ஏனுங்க, அந்தப் பொம்மை ஒடஞ்சு போச்சுன்னு எங்கம்மாகிட்டச் சொல்லீருங்க.”

அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். அக்கா முகம் அவனுக்கு ஞாபகமே இல்லையாம். ஆனால் அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் இரண்டு துணி எடுப்பாராம், ஒன்றை மடித்துப் பீரோவில் வைத்துவிடுவாராம். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்தாலும் அவள் இருந்தால் என்றுதான் பேச்சு தொடங்குமாம். இதைச் சொல்லும்போது அவனுக்குக் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. அந்தக் களைப்பு எனக்குத் தெரிந்த களைப்பு.

“என் கண்ணாலத்து அன்னிக்காச்சும் எங்கம்மா என்னையப் பாக்கோணுமுங்க” என்றான்.

பொய் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்கிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். நான் இரண்டும் சொல்லவில்லை. பார்க்கலாம் தம்பி என்றேன். பார்க்கலாம் என்பதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவன் தனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் உதட்டுக்குச் சாயம் தீட்டி, தலையை மேல்தட்டிலும், நகத்துக்கு நிறம் கொடுத்த கைகளை அடித்தட்டிலும் வைத்துச் சூளையை மூடினேன். கல்யாணத்துக்கு ஆறு நாள் இருந்தது. அதற்கடுத்த நாள் மத்தியானம் வீட்டுக்காரர் சூளையின் சூட்டு மீட்டரைப் பார்த்து, இன்னும் முந்நூறு டிகிரிக்குமேல் நிற்கிறது, சாயந்தரம் திறந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். நான் கொட்டகையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வெயில் தகரத்தின்மேல் வெளுத்து வாங்கியது. மணிக்கட்டு வலித்தது. அந்த அம்மாளும் அந்தப் பையனும் மாறி மாறி மனதுக்குள் வந்து நின்றார்கள். எழுந்தேன். மூடியைத் திறந்தேன்.

கிளிங் என்று ஒரு சத்தம். கண்ணாடி டம்ளரில் ஸ்பூன் பட்டால் வருமே, அவ்வளவுதான். நெற்றியிலிருந்து வாய் வரைக்கும் கோடு விழுந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது பக்கம் கழன்று விழுந்தது.

ஏன் திறந்தேன் என்று அன்றிலிருந்து என்னையே கேட்டுக்கொள்கிறேன். முகத்தைப் பார்க்கிற ஆசை என்று சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. சீக்கிரம் முடிந்து தொலையட்டும் என்ற அலுப்பு என்றும் சொல்லிப் பார்த்தேன். அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. டீ குடித்துவிட்டு வந்த வீட்டுக்காரர் சூளையையும் என்னையும் பார்த்தார். முறத்தை எடுத்துவந்து சில்லுகளைக் கூட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த அம்மாளை வரச் சொல்லி உடைந்ததைக் காட்டினேன். தவறு என்னுடையது, ஆறுவதற்கு முன்னால் திறந்துவிட்டேன் என்றேன். அச்சு இருக்கிறது, கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் இன்னொன்று செய்து தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் அந்தப் பாதி முகத்தைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் கன்னத்தைத் தடவினார்.

“கண்ணாலம் முடிஞ்சதுக்கப்பறம் எதுக்குங்க அம்மிணி” என்றார்.

பிறகு சூளைக்குள் எட்டிப் பார்த்தார். அடித்தட்டில் கைகள் இரண்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன. இடது கையை அவர் தொடவில்லை. வலது கையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். வாசல் தாண்டும்போது, கல்யாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

போகிற எண்ணமே எனக்கு இல்லை. பத்திரிகை வீடு தேடி வந்துவிட்டது. வீட்டுக்காரர், பொம்மையையும் உடைத்துவிட்டுக் கல்யாணத்துக்கும் போகாவிட்டால் நன்றாகவா இருக்கும் என்றார். அவருக்கு முதுகு வலி, நான்தான் பஸ் ஏறித் திருச்செங்கோட்டு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இணைச்சீர் நடந்துகொண்டிருந்தது. பெரியப்பா வீட்டுப் பெண் நல்ல சிவப்புப் பட்டில், சிரித்த முகமாக அவன் பக்கத்தில் நின்றாள். அந்த அம்மாள் மணவறைக்குக் கீழே நின்றார். மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேறெங்கும் பார்க்கவில்லை. வலது கையை மட்டும் இறுக்கி மூடி நெஞ்சோடு வைத்திருந்தார். ஒரு சொந்தக்காரி வந்து கையைப் பிடிக்கப் பார்த்தபோது இடது கையைக் கொடுத்தார். அந்தச் சொந்தக்காரியின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளை வந்தான். எல்லாரையும் நன்றாகச் சாப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தவன், என் இலைக்கு முன்னால் வந்ததும் குனிந்தான்.

“ரொம்ப நன்றிங்க” என்றான் மெதுவாக.

“நெசமாவே ஒடஞ்சுதுங்க தம்பி” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். நான் நடிக்கிறேன், அதை இங்கேயும் விடாமல் நடிக்கிறேன் என்று நினைத்தான்போல. சிரித்தான். அவன் நினைத்தது முழுப் பொய் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. மூடியைத் திறந்த கை என்னுடையது. அது யாருக்காகத் திறந்தது என்று எனக்கே தெரியாது.

போக எழுந்தவன் மறுபடி குனிந்தான்.

“காலையில இருந்து எங்கம்மா ஒரு கைய மூடியே வெச்சிருக்காங்க. அட்சதைகூட இடது கையிலதான் போட்டாங்க. கேட்டா ஒண்ணுமில்லைங்கறாங்க. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா?”

தெரியாது என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அதற்கும் எனக்குத் தெம்பு இல்லை.

“உங்கக்கா கை, சாமி. போட்டோவுல உங்களப் புடிச்சிருந்த கை” என்றேன்.

அவன் பந்தி நடுவில் மாலையோடு நடந்து போனான். அந்த அம்மாள் வாசலில் வருகிறவர்களைக் கும்பிட முடியாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். அவன் போய் அந்த மூடிய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். அவர் தடுக்கவில்லை. மகன் முகத்தையே பார்த்தார்.

உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டு அவன் தன் சுண்டுவிரலை அந்தச் சின்ன விரல்களுக்கு நடுவில் நுழைக்கப் பார்த்தான். நகம் மட்டும்தான் போனது. ஈர மண்ணில் என் விரல் முழுசாக நுழைந்த இடம் அது. சுட்டதில் சுருங்கிவிட்டிருந்தது. அவன் விரலை எடுக்கவில்லை, அதற்குமேல் அழுத்தவும் இல்லை. நகத்தளவுக்குப் பிடித்துக்கொண்டு அம்மாவோடு வாசலிலேயே நின்றான்.