கொழும்புக்கு மாற்றிய தளம்

போரால் யாழ்ப்பாணத்துக்கான பாதை பூட்டிக் கிடந்த காலம். யாழ்ப்பாணத்துத் தீவான புங்குடுதீவை விட்டு நான் வெளியேற முடியாது. ஊர் மரண அறிவித்தல்களைப் போடும் என் இணையத்தளம் மட்டும் உலகெங்கும் போய்வந்தது. எங்கள் தளம் எங்கள் நாட்டில்தான் இருக்க வேண்டும் என்ற வீம்பில், கனடாவில் இருந்த அதைக் கொழும்புச் சேர்வருக்கு மாற்றினேன். சேர்வர் இருக்கும் நாட்டையும் பார்த்துத்தான் தேடுபொறி வரிசைப்படுத்தும்; கனடாவில் தேடுபவர்களுக்குத் தளம் பின்பக்கங்களுக்குப் போனது, வருகையும் குறைந்தது. நான் சட்டை செய்யவில்லை.

ரொறன்ரோவிலிருந்து ஒரு அக்கா அழைத்தார்.

"தம்பி, முந்தித் தேடினவுடனை முதல் பக்கத்திலை வரும். இப்ப காணேல்லை. என்னை வளர்த்த சித்தி செத்ததை எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கும் முடிஞ்சாப்பிறகுதான் அறிஞ்சனான்."

"மன்னியுங்கோ அக்கா" என்றேன்.

வாசிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கனடாவில்தான். அன்றே தளத்தைத் திருப்பி மாற்றினேன். அடைபட்டுக் கிடந்தவன் நான். வெளியே போகக்கூடிய ஒன்றையும் பிடித்து என்னோடு அடைத்துவிட்டேனே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.