கம்பளிக் கோயில்

நனைந்த கம்பளியின் வாடை எப்படியிருக்கும் என்று கேட்டால், வெயிலையே கண்டறியாத ஓர் ஆட்டுக்கிடாவையும் நேற்றைய அடுப்புப் புகையையும் தேங்காயெண்ணெய் வழியும் தலையொன்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து மூடியது போல என்றுதான் சொல்லவேண்டும்; தூபம் மணக்கும் எந்தப் பெரிய தேவாலயத்துக்குள் நுழைந்தாலும் ஏதோ குறைகிறதே என்று என் மூக்கு தேடுவது அந்த வாடையைத்தான். மாத்தளை டவுனில் ஒரு பக்திமானிடம் இதை வாய்தவறிச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் எனக்காக ஜெபித்து வருகிறார்.

எல்கடுவைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் "கோயில்" என்று சொன்னது நான்கு கருங்கல் சுவர்களையும் அதன்மேல் ஒரு தகரக் கூரையையும்தான். முன்னொரு காலத்தில் அது தோட்டத்தை நடத்தும் துரையின் குதிரை லாயம். "ஆண்டவரு மாட்டுக் கொட்டில்ல பொறந்தாரு, நமக்குக் குதிரைக் கொட்டில், ஒரு படி மேலதானே" என்பார் உபதேசியார் சவரிமுத்து. பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் மலையேறி வருவார் என்பதால் மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பது, புருஷன் பெண்சாதி சண்டையை விலக்குவது எல்லாம் உபதேசியாரின் பொறுப்பு. அவர் வகுப்பில் கேள்வி பதில்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் கெட்டிக்காரி என்று பெயரெடுத்திருந்தவள் நான். பொருள் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை; நானும் கேட்டுக்கொண்டதில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, சரித்திரத்திலேயே முதல்முறையாக ஆண்டகை, அதாவது பிஷப்பாகிய மேற்றிராணியார், எங்கள் தோட்டத்துக்கே வந்து பிள்ளைகளின் நெற்றியில் தைலம் பூசி உறுதிப்பூசுதல் கொடுப்பதாக நாள் குறித்தார்கள். அதற்கு ஒரு வாரம் இருக்கையில் ஐப்பசிக் காற்று அடித்து, கூரைத் தகரங்களைச் சீட்டுக்கட்டைப் போல உருவிக்கொண்டு போயிற்று. தேயிலைக்குள் கிடந்த தகரங்களைப் பொறுக்கிவரச் சொன்ன துரை, அவற்றை உர ஸ்டோருக்குப் பக்கத்தில் அடுக்கவைத்தார். கூரை போன சுவர்களும் இனி உரம் வைக்கவே ஆகும், சாமி கும்பிடுகிறவர்கள் டவுனுக்குப் போகட்டும் என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லியனுப்பினார். டவுனிலிருந்தும் செய்தி வந்தது: கூரையில்லாவிட்டால் பிள்ளைகளைக் கீழே அழைத்து வாருங்கள்.

"கீழ போனோம்னா, அப்புறம் நம்ம கோயில் உர மூட்டைக்குத்தான்" என்றார் உபதேசியார். "ஆண்டகை கால் வச்சுட்டா போதும். தொரை யோசிப்பாரு."

அதற்குக் கூரை வேண்டும். யோசித்தது என் அம்மா. கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்குத் தலையிலிருந்து முதுகு வரை தொங்கவிட்டுக்கொள்ளும் கறுப்புக் கம்பளி, கிழிந்தாலும் ஒட்டுப்போட்டுத் தாய் மகளுக்குக் கொடுக்கும் சொத்து, எல்லா வீட்டிலும் இருந்தது. ஞாயிறன்று வேலையில்லை, கம்பளிக்கும் வேலையில்லை. சனிக்கிழமை வேலை முடிந்ததும் கோணி ஊசியும் சாக்குச் சணலும் எடுத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள். கிறிஸ்தவ வீட்டுக் கம்பளிகளையெல்லாம் தைத்துச் சுவர்மேல் இழுத்துப் பார்த்தபோது பாதிக் கோயில்தான் மூடியது. பீடத்தை மூடினால் சனம் நனையும், சனத்தை மூடினால் பீடம் நனையும். வேதநூல்களில் இதற்கு விடை உண்டா என்று உபதேசியார் வானத்தைப் பார்த்தபடி நின்றார்.

அடுத்த லயத்து வரிசை வீட்டில் இருந்த ராக்காயி அத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மாரியம்மனுக்கு வருடம் தவறாமல் தீச்சட்டி எடுக்கிறவர். தன் கம்பளியை உருவி அம்மாவின் மடியில் எறிந்தார்.

"இந்தா, இதையும் சேத்துத் தையி. ஒங்க சாமிக்குச் சளி புடிச்சா ராவெல்லாம் இருமி எங்க சாமியவும் தூங்க விடாது."

"மாரியாத்தா கோவிச்சுக்க மாட்டாளா அக்கா?"

"அவளே மழக்காரி. அவளுக்குத் தெரியாததா?"

ராக்காயி அத்தை கொடுத்தபின் மற்ற லயத்துப் பெண்கள் கொடுக்காமல் இருக்க முடியுமா? தோட்டத்துக் கம்பளி அத்தனையும் வந்து சேர்ந்தது. கூரை பீடத்தையும் மூடி, சனத்தையும் மூடி, வாசலுக்கு வெளியே ஒரு தாழ்வாரமும் விட்டது.

ஞாயிறன்று தப்பு முழங்க ஆண்டகை வந்து இறங்கினார். கூடவே மழையும் இறங்கியது. கூரையின் நடுவில் தண்ணீர் தேங்கி யானை வயிறுபோலத் தொங்க, ஆண்கள் முறைவைத்து விளக்குமாற்றுக் காம்பால் அதை முட்டித் தள்ளினார்கள்; தள்ளிய தண்ணீரில் பாதி, மரியாதைக்காக முன்வரிசையில் உட்காரவைத்திருந்த கணக்கப்பிள்ளையின் மேல் விழுந்தது. உறுதிப்பூசுதலுக்கு முன் பிள்ளைகளிடம் கேள்வி கேட்பது வழக்கம். உபதேசியார் பெருமையோடு என்னை முன்னே தள்ளினார்.

"திருச்சபை என்றால் என்ன, மகளே?" என்று கேட்டார் ஆண்டகை.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்திருப்பேன். வாயைத் திறந்த நேரம் பார்த்து நெற்றியில் ஒரு துளி விழுந்தது. யார் கம்பளி ஒழுகுகிறது என்று அண்ணாந்து பார்த்தேன். படித்ததெல்லாம் அந்தத் துளியோடு வழிந்துபோயிற்று. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

"அது செல்லம்மா அக்காவோடது. அங்கிட்டு எங்கம்மாவோடது. ஆண்டகைக்கு மேல இருக்கிறது ராக்காயி அத்தையோடது."

உபதேசியாரின் முகம் சாம்பல் புதன் முகமாயிற்று. "ராக்காயி நம்ம ஆளு இல்லீங்க ஆண்டகை. ஞானஸ்நானம் வாங்கல. கம்பளி மட்டுந்தான் குடுத்தாங்க."

ஆண்டகை அண்ணாந்து பார்த்தார். "அப்படியா? ஆனால் இந்த இடத்தில் நான் நனையவில்லையே" என்றார். பிறகு யாரிடமும் கேள்வி கேட்கவில்லை. எங்கள் நெற்றியில் தைலம் பூசி முடித்தபின், தீர்த்தத்தை எடுத்துக் கூரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தெளித்து மந்திரித்தார். மேலிருந்து அவ்வளவு நேரமாக வந்துகொண்டிருந்த தண்ணீருக்கு இது பதில் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

வினை அந்தத் தீர்த்தத்தில்தான் இருந்தது. திங்கட்கிழமை விடியுமுன் கம்பளிகளைப் பிரிக்கப் போன பெண்கள், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மந்திரித்த பொருளை வெட்டலாமா? உபதேசியாருக்கே சந்தேகம். சந்தேகமில்லாமல் பேசியவர் ராக்காயி அத்தைதான்.

"சாமி தண்ணி பட்டத வெட்டுறதா? ஆகவே ஆகாது. எங்க கோயில்ல சாமிக்கு வேற எடம் காட்டிட்டுத்தான் பழச பிரிப்போம். வேற கூர வரட்டும், சாமி அங்கிட்டு மாறிக்கிடும். அப்புறம் பிரி."

"பெரட்டுக்கு நேரமாச்சே அக்கா. மழ வேற கொட்டுதே."

"அதுக்கென்ன? தூக்கு எல்லாரும்."

தூக்கினார்கள். கிறிஸ்தவர், சைவர் என்று பாராமல் எல்லாப் பெண்களும் கூடையோடு அந்த ஒரே கூரைக்கடியில் புகுந்து, ஆட்களைப் பிரித்து வேலைக்கனுப்பும் பெரட்டுக் களத்துக்கு நடந்தார்கள். இடித்தார்கள், சிரித்தார்கள், "காலப் பாத்து வையிடி" என்று ஏசினார்கள். யாரோ மாதாவின் பாட்டைத் தொடங்க, தெரியாதவர்கள் "ஆமா ஆமா" என்று இழுத்தார்கள். பள்ளிக்கூடம் போகவேண்டிய நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நடந்தேன். அவ்வளவு பத்திரமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

களத்தில் தொப்பியோடு நின்ற துரை, ஏற்றத்தில் அசைந்துவரும் அந்தக் கறுப்பு மலையைப் பார்த்தார்.

"கணக்கப்புள்ளே, என்னா இது?"

முதல்நாள் நனைந்ததில் தும்மிக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை அடக்கமாகச் சொன்னார்: "கோயிலுங்க, தொரை."

ராக்காயி அத்தை தலையை மட்டும் வெளியே நீட்டினார். "தகரம் போட்டீங்கன்னா கம்பளி கழண்டுரும், தொரை. கம்பளி கழண்டா கொழுந்து வரும்."

துரையின் மனதைத் தேவன் தொட்டார் என்று உபதேசியார் சாகும்வரை சொல்லிவந்தார். கொழுந்து முற்றிவிடுமே என்ற கவலை தொட்டது என்பது என் அபிப்பிராயம். தேவனுக்கு இரண்டும் ஒன்றாக இருக்கலாம். மத்தியானத்துக்குள் உர ஸ்டோருக்குப் பக்கத்தில் கிடந்த தகரங்கள் எங்கள் சுவர்மேல் ஏறின. சாமி இடம் மாறிவிட்டதாக ராக்காயி அத்தை அறிவிக்க, பெண்கள் சணலை வெட்டாமல் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார்கள். அந்தக் கோயிலைப் பிறகு யாரும் உரத்துக்குக் கேட்கவில்லை.

இப்போது அங்கே ஓட்டுக் கூரையும் கண்ணாடி ஜன்னலும் இருக்கின்றன. கம்பளி இல்லை, மலையில் எல்லோரும் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொள்கிறார்கள். தோட்டத்து ஆட்களைத் திருப்பியனுப்ப இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில் ராக்காயி அத்தை இந்தியாவுக்குக் கப்பலேறினார். அவர் மூட்டையில் சணல் துணுக்குகள் ஒட்டிய ஒரு கம்பளி இருந்ததை அம்மா பார்த்திருக்கிறார். திருச்சபையைப் பற்றித் தடித்த புத்தகங்கள் பலவற்றை அதன்பிறகு படித்துவிட்டேன், மேற்கோள் காட்டி ஆட்களைக் களைப்படையச் செய்யும் அளவுக்கு. ஆனாலும் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், பத்து வயதில் போலவே எனக்குப் பதில் மறந்துவிடுகிறது. மழையில் ஏற்றம் ஏறிவரும் ஒரு கறுப்புக் கூரையும், அதன்கீழே சேற்றில் பதிந்து பதிந்து வரும் வெறுங்கால்களும்தான் கண்ணில் வந்து நிற்கின்றன. எந்தக் கால் யாருடையது என்று அன்றைக்கே தெரியவில்லை.