திதிக்கு வந்த டாக்டர்

டாக்டருக்கென்று எங்கள் வீட்டில் ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. மற்ற நாள்களில் அதன்மேல் துணி போர்த்தியிருக்கும். அண்ணனின் திதியன்று மட்டும் அம்மா அதைத் துடைத்துக் கூடத்தில் போடுவாள். நான் தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் தொடையில் கிள்ளு விழும். துறைமுகத்தை ஒட்டிய பாகான் டாலாமில் எங்கள் வீட்டு வரிசையில் வேறு யார் வீட்டுத் திதிக்கும் டாக்டர் வந்ததில்லை. அதில் அம்மாவுக்குப் பெருமை, எனக்கும்தான்.

எழுபதுகளின் கடைசியில் அண்ணனுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன், சுமையால் வந்த வீக்கம் என்றுதான் நினைத்தோம். பெர்ரி ஏறிக் கடலைத் தாண்டி, தீவிலிருக்கும் ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நம்மவர். அம்மாவை ‘அக்கா’ என்று கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லிலேயே அம்மா கரைந்துவிட்டாள். அறுவைக்கு முன்னால் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“வெட்டி எடுக்கிறதை எங்ககிட்டயே குடுத்துடுங்க டாக்டர். மண்ணுல போட்டுடறோம். புள்ள உடம்பு லா, எங்கயாவது கிடக்கக் கூடாது.”

“அதெல்லாம் இங்கயே எரிச்சிடுவாங்கக்கா. கவலைப்படாதீங்க.”

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். சில மாதங்களில் அண்ணன் போய்விட்டான். சாம்பலைப் படகில் கொண்டுபோய்க் கடலில் கரைத்தோம். பிள்ளையை ஒரு குறையுமில்லாமல் வழியனுப்பிவிட்டோம் என்று அம்மா மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அம்மா அழைக்க, டாக்டர் வருஷம் தவறாமல் திதிக்கு வந்தார். அண்ணன் படத்துக்குக் கும்பிடு போடுவார், படையல் சோற்றை ரசித்துச் சாப்பிடுவார், மீன் பொரியல் இன்னொன்று கேட்டு வாங்குவார். ஓய்வு பெறப்போகும் சமயத்தில் ஒரு திதியன்று, கை கழுவிவிட்டு வந்து, நல்ல சேதி சொல்பவர் போல ஆரம்பித்தார். அண்ணனின் கட்டியை எரிக்கவில்லையாம். தான் படித்த வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாராம். அந்தக் கட்டியின் செல்கள் சாகாமல் இன்னும் பெருகிக்கொண்டே இருக்கின்றனவாம்.

“உங்க மகன் இன்னும் உயிரோட இருக்கான்னு வச்சுக்குங்கக்கா. எத்தனையோ ஆராய்ச்சிக்கு உதவுது.”

படத்துக்கு முன்னால் விளக்கு இன்னும் அணையவில்லை. அம்மா அவரையே பார்த்தாள்.

“அப்ப இத்தனை வருஷமா நான் யாருக்குப் படைச்சேன் டாக்டர்?”

அவர் ஏதோ விளக்க வாயெடுத்தார். அம்மா விடவில்லை. “திருப்பி வாங்கிக் குடுங்க. நானே எரிச்சிடறேன்.”

“முடியாதுக்கா. நிறைய லேப்புக்குப் போயிடுச்சு லா. எங்கெங்க இருக்குன்னு எனக்கே தெரியாது.”

அந்த ஆராய்ச்சியால் யாராவது பிழைத்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா கொடுத்திருப்பாள் என்றுகூட நினைக்கிறேன். அவர் கேட்கவில்லை. அக்கா என்று கூப்பிட்டுப் பொய் சொன்னார். சொல்லிவிட்டு எங்கள் வீட்டுச் சோற்றையும் தின்றார்.

அடுத்த திதிக்கு அம்மா அடுப்பு மூட்டவில்லை. அதற்குப் பிறகு எந்த வருஷமும் அண்ணனுக்குப் படைக்கவில்லை.

தொண்ணூறுகளில் அம்மாவுக்கே மார்பில் கட்டி வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ், சீக்கிரம் வெட்டி எடுத்தால் பிழைக்கலாம் என்றாள். டாக்சியை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு அம்மாவின் காலைப் பிடித்துக் கெஞ்சினேன்.

“ஒன் அண்ணனை வச்சிருக்கிறது பத்தாதா அவங்களுக்கு? என்னையுமா?” என்றாள். கட்டிலை விட்டு அசையவில்லை. அந்த வருஷமே அவளும் போய்விட்டாள்.

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் ஒரு மச்சத்தை எடுப்பதென்றாலும் உட்காரவைத்து விளக்கிச் சம்மதம் கேட்கிறார்கள். அம்மாவிடம் யாரும் இப்படிக் கேட்கவில்லை. அவளை எதுவும் குறையாமல், அவள் விரும்பியபடியே, முழுதாக எரித்தோம்.