குட்டிக்கென்று எடுத்து வைத்த மாக்ரோன்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மடிப்பக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. அவள் மடித்த படுக்கை விரிப்பில் ஓரம் ஒரு நூல் பிசகாது. பக்கத்தில் நின்று மடிக்கிற எனக்குத்தான் அந்த அருமை தெரியும். அந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்தாள். "அவன் ஒரு நிலைக்கு வரட்டும்" என்று வந்த வரனையெல்லாம் தட்டிக்கழித்தாள். அவன் நிலைக்கு வந்தான். இவளுக்குத் தலைதான் நரைத்தது. அவன் வீட்டுப் பின்னறையில் இருந்துகொண்டு, வேலை முடிந்து போய் எல்லோருக்கும் சமைத்தும் போட்டாள்.

ஒருநாள் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"தம்பி என்னைப் புது பேக்கரிக்குக் கூட்டிட்டுப் போறானாம். நீயும் வாடி, எனக்கு அங்கெல்லாம் கூச்சமா இருக்கும்."

கல்யாண வீடுகளுக்கு மட்டும் கட்டுகிற புடவையில் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தம்பிக்காரன் முகம் சுண்டிப்போயிற்று. அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

கேட்காமலே வாங்கிக் குவித்தான். பச்சைத் தேயிலைப் பொடி போட்ட சீஸ் கேக், மெத்தென்ற மாவுக்குள் ஐஸ்கிரீம் வைத்த மோச்சி, நடுவில் கிரீம் வைத்த வட்ட பிஸ்கட் மாதிரி கறுப்பு எள் மாக்ரோன்.

"ஜப்பான் ஸ்டைல்க்கா. கேக்கைச் சாப்பிடு."

"கசக்குதேடா."

"அப்படித்தான் இருக்கும். போகப்போகப் பிடிச்சிடும்."

மாக்ரோன் மட்டும் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. ஒன்றைத் தின்றாள். இன்னொன்றைக் கை துடைக்கிற காகிதத்தில் வைத்து, விரிப்பு மடிக்கிற அதே நேர்த்தியோடு மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"குட்டிக்கு" என்றாள்.

குட்டி தம்பியின் மகள். பிறந்த நாளிலிருந்து குளிப்பாட்டி, ஊட்டி, தோளில் போட்டுத் தூங்க வைத்ததெல்லாம் இவள்தான்.

தம்பி தொண்டையைச் செருமினான்.

"அக்கா, குட்டி வளந்துட்டா. தனி ரூம் வேணும்கிறா."

"அதுக்கென்ன, என் ரூம்ல வந்து படுத்துக்கட்டும்."

"இல்லக்கா... லேடீஸ் ஹாஸ்டல் ஒண்ணு பாத்திருக்கேன். உன் வேலைக்கும் பக்கம். ஒண்ணாம் தேதி போயிடலாம்."

பாவி, இதைச் சொல்லத்தானா இத்தனை தட்டு? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயெடுத்தேன். அக்கா மேசைக்கடியில் என் முழங்காலை அழுத்தினாள்.

"குட்டிக்குத் தெரியுமாடா?"

"கேட்டதே அவதான்க்கா. உன் ரூமுக்கு என்ன கலர் அடிக்கணும்னு கூடச் சொல்லிட்டா."

அக்கா அழவில்லை. பையைத் திறந்து பொட்டலத்தைப் பிரித்தாள். குட்டிக்கென்று வைத்ததை, தம்பி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தானே மென்று தின்று முடித்தாள். அந்தக் காகிதத்தை மடிக்கவில்லை. கசக்கித் தட்டில் போட்டாள்.